வானத்தில் 18 நிமிடம், ரோட்டில் நாலரை மணி: நமக்கு எந்த ஏர்போர்ட்?

பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், சென்னையிலிருந்து எவ்வளவு என்று போனில் தேடினால் நொடியில் பதில் வந்துவிடும். பெங்களூரிலிருந்து 3,170 கிலோமீட்டர் சொச்சம், சென்னையிலிருந்து 2,920 சொச்சம். பறக்கும் நேரம் பெங்களூரிலிருந்து நாலரை மணியை ஒட்டி, சென்னையிலிருந்து நாலேகால் மணியை ஒட்டி. "சென்னைதான் கிட்ட, அங்கிருந்தே டிக்கெட் போட்டுடு" என்று வீட்டில் ஒரு சித்தப்பா தீர்ப்பும் சொல்லிவிடுவார். சித்தப்பா தாம்பரத்தில் இருந்தால் அது சரியான தீர்ப்பு. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம், காவேரிப்பட்டணத்தில் இருந்தால் இல்லை.

அந்த 250 கி.மீ. வித்தியாசத்தை ஏர்பஸ் 320 ரக விமானம் பதினெட்டு நிமிடத்தில் கடந்துவிடும். உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது அதன் வேகம் மணிக்கு 830, 840 கி.மீ. இருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து மீனம்பாக்கம் போகிற ரோடும் ஏறக்குறைய அதே 250 கி.மீ.தான். காரில் நாலரை மணி நேரம் ஆகும், அதுவும் ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் நெரிசல் இல்லாவிட்டால். தேவனஹள்ளியில் இருக்கிற பெங்களூர் ஏர்போர்ட்டுக்கோ 125, 130 கி.மீ.தான். மேலே பதினெட்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் கீழே ஒன்றரை, இரண்டு மணி நேரத்தை விடுகிற வேலை இது.

இரண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்பது ஏர்போர்ட் பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கு உதவுகிற கணக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பயணிகள் விமானம் இறங்கும் இடம் கிடையாது. பெங்களூர், சேலம், சென்னை, திருச்சி, கோவை என்று சுற்றிலும் ஏர்போர்ட் இருக்கிறது, எதுவும் வாசலில் இல்லை. அதனால் வீட்டுக் கதவைப் பூட்டுகிற நேரத்திலிருந்து, போய்ச் சேர வேண்டிய இடத்தில் இறங்குகிற நேரம் வரைக்கும் கூட்டிப் பார்த்தால்தான் நமக்கு உண்மை தெரியும்.

போனில் வருகிற அந்தத் தூரம் பெருவட்டத் தூரம். உலக உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற குறுகிய கோடு. விமானம் அப்படியே அந்த நூல்மேல் போவதில்லை. வான்வழித்தடம், காற்று, இறங்குவதற்கான வரிசை என்று கொஞ்சம் வளையும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வேறு கணக்கு. விமானம் நிற்கிற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, அடுத்த ஊரில் போய் நிற்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, எல்லாமே அதில் அடக்கம். அதனால்தான் 270 கி.மீ. தூரமுள்ள பெங்களூர்–சென்னைக்கு டிக்கெட்டில் ஒரு மணி நேரம் காட்டும், அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் தூரமுள்ள பெங்களூர்–டெல்லிக்கு ஆறு மணி காட்டாது, இரண்டே முக்கால் மணிதான். ஏறுவதும் இறங்குவதும் தின்கிற நேரம் எந்தத் தூரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பயணம் குறுகக் குறுக, தரையில் ஆகிற நேரம்தான் பெரிதாகத் தெரியும்.

சரி, பெங்களூரிலிருந்தே ஆரம்பிப்போம். நம் ஆட்களில் பெரும்பாலோர் போகப்போவது அங்கேதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளிக்கு நேர்க்கோட்டில் 93 கி.மீ. வரும். ரோட்டில் அது 125, 130 ஆகிறது. தர்மபுரியிலிருந்து நேர்க்கோட்டில் 128, ரோட்டில் 170ஐ ஒட்டி. இடையில் பெங்களூர் நகரமே குறுக்கே படுத்திருக்கிறது. 2008 மே மாதம் வரை விமானம் ஊருக்குள்ளேயே, எச்.ஏ.எல். ஏர்போர்ட்டில் இறங்கியது. ஓசூர் ரோட்டில் போகிற நமக்கு அது கைக்கெட்டும் தூரம். தேவனஹள்ளி திறந்ததும் ஊரின் தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியேற வேண்டியதாகிவிட்டது.

ஆகவே பெங்களூர் ஏர்போர்ட் எவ்வளவு தூரம் என்று கேட்பதைவிட, எத்தனை மணிக்கு என்று கேட்பதுதான் பொருத்தம். விடியற்காலை நாலு மணிக்குக் கிருஷ்ணகிரியில் கிளம்பினால் ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், சில்க் போர்டு சந்திப்பு, மாரத்தஹள்ளி, ஹெப்பால் என்று வழுக்கிக்கொண்டு போய் இரண்டரை மணியில் சேர்ந்துவிடலாம். அதே ஆள் ஏழு மணிக்குக் கிளம்பினால் எலக்ட்ரானிக் சிட்டியில் ஐ.டி. கம்பெனி பஸ்களோடு சேர்ந்து நிற்பார். நாலு மணி நேரம் ஒதுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்கும் மேல். "சில்க் போர்டு தாண்டினாதாண்ணா பிளைட்டு நம்முது" என்று டிரைவர்கள் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

நகரத்துக்குள் நுழையாமல் போக ஒரு வழி உண்டு. சூளகிரியில் பிரிந்து பேரிகை, மாலூர் வழியாக ஹொஸ்கோட்டை, அங்கிருந்து தேவனஹள்ளி. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஹொஸ்கோட்டையிலிருந்து தேவனஹள்ளி வழியாக தாபஸ்பேட்டை வரை புது சுற்றுவட்ட நெடுஞ்சாலை வந்த பிறகு கடைசிப் பகுதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் பேரிகை–மாலூர் பகுதி ஊர்களுக்கு நடுவே போகிற குறுகிய ரோடு. மாட்டு வண்டியும் வரும், தக்காளி ஏற்றிய வண்டியும் வரும். பகலில் சில்க் போர்டைத் தவிர்க்க நான் இந்த வழியைத்தான் சொல்வேன். நள்ளிரவில், வழி பழகாத டிரைவரோடு, குழந்தை குட்டியை வைத்துக்கொண்டு வேண்டாம். அந்த நேரத்தில் சில்க் போர்டே காலியாகத்தான் இருக்கும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ஒன்று. நம் ஊர் பஸ்ஸில் ஏறி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரை போய், அங்கிருந்து ஏர்போர்ட் பஸ் பிடிப்பது பழைய பழக்கம். எலக்ட்ரானிக் சிட்டியிலோ சில்க் போர்டிலோ இறங்கி வாயு வஜ்ரா என்கிற ஏர்போர்ட் பஸ்ஸைப் பிடித்தால் ஊரைச் சுற்றுவது மிச்சம். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மஞ்சள் மெட்ரோ திறந்திருக்கிறது. சில்க் போர்டு நெரிசலை அது தாண்டிவிடும், ஆனால் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விடாது. இரண்டு பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஏறி இறங்குவது வீண் அலைச்சல்.

இப்போது அந்த சிங்கப்பூர்க் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரிக்காரர் பெங்களூர் வழியே போனால் ரோடு மூன்று மணி, காத்திருப்பு மூன்று மணி, பறப்பது நாலரை மணி, ஆகப் பத்தரை மணி நேரம். சென்னை வழியே போனால் ரோடு நாலே முக்கால், காத்திருப்பு மூன்று, பறப்பது நாலேகால். பன்னிரண்டு மணி நேரம். தர்மபுரிக்காரருக்கு இரண்டு பக்கமும் முக்கால் மணி கூட்டிக்கொள்ளலாம். வித்தியாசம் அதே ஒன்றரை மணிதான்.

இதைப் பார்த்துவிட்டு சென்னையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நாலு பேர் குடும்பத்துக்கு டிக்கெட்டில் நல்ல தொகை மிச்சமானால் ஒன்றரை மணி நேரத்தைக் கொடுத்துவிடலாம். தனியாகப் போகிற கல்லூரிப் பையனுக்கு நான் சென்னையைத்தான் சொல்வேன், அதுவும் ரயிலில். மொரப்பூரிலோ பொம்மிடியிலோ சாமல்பட்டியிலோ ஏறினால் சென்ட்ரல். சென்ட்ரலில் கீழே இறங்கினால் மெட்ரோ, அது நேராக ஏர்போர்ட்டுக்குள்ளேயே போய் நிற்கும். செலவு சில நூறு ரூபாயில் முடியும், எந்த நெரிசலும் அவனைத் தொடாது. பெங்களூரில் இந்த வசதி இன்னும் இல்லை. கிருஷ்ணகிரி ஊருக்கு ரயிலே இல்லாததால் அங்கிருந்து கிளம்புகிறவர்கள் ஜோலார்பேட்டை போய் ஏற வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம். அரூர், ஊத்தங்கரைக்காரர்களுக்கும் கணக்கு மாறும். திருவண்ணாமலை, திண்டிவனம் வழியே சென்னைக்குப் போக அவர்களுக்குத் தனி ரோடு இருக்கிறது. பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே ரோடு தூரத்தில் நாற்பது, ஐம்பது கி.மீ. வித்தியாசம்தான் வரும். அவர்கள் விமானக் கட்டணத்தைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.

பலரும் மறந்துவிடுகிற ஒரு ஏர்போர்ட் திருச்சி. அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. தூரம் 3,000 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, அதாவது சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில். நல்லம்பள்ளி, பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து சேலம், நாமக்கல் வழியே 200 கி.மீ.யை ஒட்டி வரும். தூரம் அதிகம்தான், ஆனால் ரோடு ஒரே சீராக ஓடும். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிற ரோடு அது. 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட புது முனையமும் பெங்களூர் அளவுக்கு நடக்க வைக்காது. வயதான அப்பா அம்மாவைத் தனியாக ஏற்றி அனுப்புகிறவர்கள் இதை யோசிக்கலாம். கிருஷ்ணகிரிக்கு வடக்கே இருப்பவர்கள் யோசிக்க வேண்டாம்.

துபாய் போகிறவர்களுக்கு யோசனையே தேவையில்லை. மேற்கே போகிற பயணம். பெங்களூரிலிருந்து 2,700, சென்னையிலிருந்து 2,940. வானமும் ரோடும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. டெல்லிக்கும் அப்படியே. பெங்களூரிலிருந்து 1,700, சென்னையிலிருந்து 1,750, பறக்கும் நேரத்தில் நாலைந்து நிமிடம்கூட வித்தியாசம் வராது. கோவை நமக்கு எதற்கும் வழியில் இல்லை. தர்மபுரியிலிருந்தே 200 கி.மீ.க்கு மேல் ஆகும். அங்கே உறவினர் வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டியிருந்தால் மட்டும் சரி.

சேலம்தான் சுவாரசியமான கேள்வி. ஏர்போர்ட் சேலம் ஊருக்குள் இல்லை, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. அதாவது ஊருக்கு வெளியே, நம் பக்கமாக. தர்மபுரியிலிருந்து 45, 50 கி.மீ.தான். நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அங்கே ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் ஒரு மணி நேரக் கணக்கு எங்கேயோ போய்விடும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மற்ற நாளில் ஒரு மணி நேரப் பயணம்.

சென்னைக்குப் போக இதைப் பயன்படுத்தலாமா? சேலம்–சென்னை நேர்க்கோட்டில் 265 கி.மீ. ஓடுவது ஏ.டி.ஆர். ரக விமானம், எழுபது சொச்சம் சீட். இறக்கை விசிறி வைத்தது, வேகம் மணிக்கு 500 கி.மீ.யை ஒட்டி. டிக்கெட்டில் ஒரு மணி நேரம் காட்டும். வீட்டிலிருந்து ஒரு மணி, ஏர்போர்ட்டில் ஒன்றரை மணி, பறக்க ஒரு மணி, இறங்கி பெட்டியை எடுத்து மெட்ரோவில் ஊருக்குள் போக ஒரு மணி என்று வைத்தால் நாலரை மணி நேரம். மொரப்பூரில் ரயில் ஏறினாலும் சென்ட்ரலுக்கு நாலரை, ஐந்து மணிதான். மொரப்பூர் போகிற நேரத்தைச் சேர்த்தாலும் விமானம் ஜெயிப்பது ஒரு மணி நேரத்துக்குள்தான் வரும். காரில் போனால் ஐந்தரை, ஆறு மணி. அவசர வேலை, காலையில் போய் இரவு திரும்ப வேண்டும் என்றால் விமானம் சரி. இல்லையென்றால் ரயிலில் தூங்கிக்கொண்டே போகலாம். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு விமானம் என்ற பேச்சே வேண்டாம். தேவனஹள்ளி வரை எதிர்த்திசையில் 125 கி.மீ. போய், அங்கே காத்திருந்து ஏறுவதற்குள் காரில் போனவர் மதுரவாயலைத் தொட்டிருப்பார்.

சேலம்–பெங்களூர் விமானம் இன்னும் வேடிக்கை. நேர்க்கோட்டில் 160 கி.மீ.யை ஒட்டி, ஏறக்குறைய நம் இரண்டு மாவட்டத்துக்கு மேலேதான் பறந்து போகும். பெங்களூரே போகவேண்டிய இடம் என்றால் நமக்கு அது பயனில்லை. அங்கிருந்து டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ மாற வேண்டுமென்றால் பயனுண்டு, ஒரே கம்பெனியில் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டு விமானமும் இருந்தால். அப்போது முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். சில்க் போர்டு, ஹெப்பால் எதையும் பார்க்காமல் நேராக ஏர்போர்ட்டுக்குள்ளேயே இறங்குகிறோம் என்பது பெரிய லாபம்.

ஆனால் சேலத்தை நம்பி ஆறு மாதத்துக்கு முன்னால் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஏர்போர்ட்டில் விமானம் வருவதும் நிற்பதும் வழக்கம். சிறு ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் கம்பெனி சென்னைக்குப் பறக்க ஆரம்பித்தது, 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் வந்தன. சில விமானங்கள் வாரத்தில் எல்லா நாளும் ஓடுவதில்லை. போகிற நாளுக்கும் வருகிற நாளுக்கும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் விடுமுறை எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஓசூர் ஏர்போர்ட் பற்றி யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார், 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் அளவில். இதற்குக் குறுக்கே நிற்பது இன்னொரு தூரக் கணக்கு. பெங்களூர் ஏர்போர்ட்டுக்கும் மத்திய அரசுக்கும் உள்ள ஒப்பந்தத்தில், மைசூர், ஹாசன் தவிர 150 கி.மீ. தூரத்துக்குள் புதிய ஏர்போர்ட் வரக்கூடாது என்று 25 வருடத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. 2008இல் திறந்ததால் அது 2033 வரை நீள்கிறது. ஓசூர், தேவனஹள்ளியிலிருந்து நேர்க்கோட்டில் 50 கி.மீ. சொச்சம்தான். வந்தால் கிருஷ்ணகிரிக்காரருக்கு ஒரு மணி நேரத்தில் ஏர்போர்ட். அடுத்த வருட சிங்கப்பூர் பயணத்துக்கு அது உதவாது.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது டிக்கெட்டைத் தப்பாகப் படிப்பதையும் சொல்ல வேண்டும். கிளம்பும் நேரம் இந்திய நேரம், சேரும் நேரம் அந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை 6 மணிக்குச் சேர்கிறது என்று போட்டிருந்தால் ஏழு மணி நேரப் பயணம் இல்லை, நாலரை மணிதான். துபாய் ஒன்றரை மணி பின்னால். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி ஆறரைக்குச் சேரும் விமானம் பறப்பது நாலு மணி நேரம். "இந்தப் பிளைட் ரெண்டரை மணியிலேயே போயிடுதாம்" என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்கிறார். போவதற்கும் வருவதற்கும்கூட நேரம் மாறும். மேற்கிலிருந்து வீசும் உயர்காற்று முதுகைத் தள்ளுவதால் துபாயிலிருந்து திரும்பும் விமானம் இருபது நிமிடமாவது சீக்கிரம் வந்துவிடும்.

பருவமும் ஏர்போர்ட்டைத் தேர்ந்தெடுக்க வைக்கும். மார்கழி, தை விடியற்காலைகளில் தேவனஹள்ளியில் மூடுபனி இறங்கும். ஐந்திலிருந்து எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானங்கள் தாமதமாவது அந்த மாதங்களில் சகஜம். அதற்கு அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டிய அவசரம் இருந்தால் முதல் நாள் இரவு விமானமே நல்லது. சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் ஓடுபாதையிலேயே தண்ணீர் ஏறி ஏர்போர்ட்டை மூடினார்கள், மறுநாள் காலையில்தான் திறந்தது. நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரப் பயணத்துக்கு இரண்டும் சமமாகத் தெரிந்தால் நான் பெங்களூரையே எடுப்பேன்.

கடைசியாக வாடகை வண்டி. விமான டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் குறைகிறதா என்று இரவு முழுக்கத் தேடுகிறவர்கள் இதை விசாரிப்பதே இல்லை. தர்மபுரியிலிருந்து தேவனஹள்ளிக்கு விட்டுவிட்டு வரச் சொன்னாலும் டிரைவர் காலியாகத் திரும்ப வேண்டும் என்பதால் இரண்டு பக்க வாடகைதான் வாங்குவார். மஞ்சள் போர்டு வண்டிக்குக் கர்நாடக வரி தனி, டோல் தனி. சேலம், சென்னை, திருச்சி என்றால் மாநில எல்லை தாண்டுவது இல்லை, அந்த வரியும் இல்லை. போகும்போது நாலு பேர் சேர்ந்து வண்டி வைப்பது சரி. திரும்பும்போது பகலில் இறங்குகிற விமானமாகப் பார்த்து எடுத்தால் ஏர்போர்ட் வாசலிலேயே வாயு வஜ்ரா ஏறி எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, ஓசூர் ரோட்டில் வருகிற கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பஸ் எதிலாவது ஏறிவிடலாம். இரவு பதினொன்றுக்கு மேல் இறங்கினால் அது நடக்காது, ஊரிலிருந்து வண்டி வந்தாக வேண்டும், அதற்கும் இரண்டு பக்க வாடகை. டிக்கெட் போடும்போது கிளம்பும் நேரத்தைப் பார்க்கிற கவனத்தோடு, திரும்பி வந்து இறங்கும் நேரத்தையும் பாருங்கள்.